கழுத்தால் மூச்சு விடுபவர்கள்

அனுப்புநர்
ஜானட் டெரிக்,
பனைமரத்தொட்டி, இராயபுரம், சென்னை.

பெறுநர்
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
வடகரைத் தொழிலாளர் நல மருத்துவமனை, சென்னை.

பொருள்: கழுத்துத் துளையை விரிவாக்கும் அறுவைச் சிகிச்சை தள்ளிப்போய் என் கணவர் இறந்தது – காத்திருக்கும் இன்னொருவருக்கு உடனே தேதி வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் டெரிக் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். புற்றுநோய்க்காக அவருடைய குரல்வளையைத் தங்கள் மருத்துவமனையில் முழுவதுமாக எடுத்து, மூச்சு விடக் கழுத்தில் துளை வைத்தார்கள். அன்று உயிரைக் காத்ததற்கு இன்றும் நன்றியுடன் இருக்கிறேன். பேச்சு போன பிறகும் கைச்சாடையாலேயே தெருவைச் சிரிக்கவைப்பார். என்னோடு சண்டையும் போடுவார்.

2. சென்ற ஆண்டு அந்தத் துளை சுருங்கத் தொடங்கியது. சுத்தம் செய்து மாட்டும் குழாய் உள்ளே போகவில்லை. அதைவிடச் சிறியது கொடுத்தார்கள். பிறகு அதுவும் போகவில்லை. மாடிப்படி ஏறினால் கழுத்திலிருந்து விசில் போல் சத்தம் வரும். துளையை வெட்டி விரிவாக்க வேண்டும், சிறிய ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொன்னார். முதல்முறை மயக்க மருந்து டாக்டர் வரவில்லை. அடுத்த முறை தியேட்டரில் ஏ.சி. பழுது. அதற்கடுத்து எண்ணூர் சாலையில் லாரி மோதி அடிபட்டவர்களை எடுத்தார்கள். அதில் எனக்குக் குறையில்லை. ஒவ்வொரு முறையும் அவர் வெறும் வயிற்றோடு வீடு திரும்பினார்.

3. போன மாதம் ஒரு ஞாயிறு மதியம் சளி அடைத்துத் திணறியவரை ஆட்டோவில் கொண்டுவந்தோம். அவசரப் பிரிவில் பணியில் இருந்தவர் ஆக்சிஜன் மாஸ்க்கை மூக்கிலும் வாயிலும் வைத்தார். "சார், அவுருக்கு மூக்குல மூச்சு இல்ல, கய்த்துல கீது" என்றேன். என்னை வெளியே நிற்கச் சொன்னார். என் கணவர் மாஸ்க்கைத் தானே பிடுங்கிக் கழுத்துக்குக் கொண்டுபோனார். முரண்டு பிடிப்பதாக எண்ணிக் கைகளைக் கட்டினார்கள். கதவுக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றேன். நர்ஸ் ஜூடி ஓடிவந்து மாஸ்க்கைக் கழுத்தில் வைத்தபோது அந்தக் கைகள் அசையவில்லை.

4. யாரையும் வேலையை விட்டு நீக்கச் சொல்லி இதை எழுதவில்லை. இப்படிப்பட்டவர்கள் கழுத்தால் மட்டுமே மூச்சு விடுபவர்கள் என்பதை அவசரப் பிரிவில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

5. வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த நெட்டுக்குப்பம் மீனவர் நீலமேகத்துக்கும் அதே துளை, அதே சுருக்கம். அவரையும் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். துக்கம் கேட்க வந்த அவர் மனைவி கெங்கம்மா, "அண்ணன் பூட்டாருன்னு எங்க வூட்டுக்காரராண்ட சொல்லலக்கா. ஆபரேசன் முடிஞ்சு நல்லா கீறாருன்னு சொல்லி வச்சிக்கீறேன்" என்றார்.

நீலமேகத்துக்கு உண்மை தெரியவரும் முன், அவருடைய அறுவைச் சிகிச்சைக்கு ஒரு தேதி கொடுத்து, அந்தத் தேதியிலேயே செய்து முடிக்குமாறு தங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: இராயபுரம்
நாள்: 14-08-2025

இப்படிக்கு,
டெரிக்கின் மனைவி
ஜானட்