நீலப் பொன்னாடை

மாசி, ஞாயிற்றுக்கிழமை

கடல் கடந்து இங்கே குடிவர முன்னர், லண்டனில் எங்கள் தொகுதி எம்பியாக இருந்தவர் போன வாரம் காலமானார். பக்கத்து நகரமான லவாலில் இருக்கும் தம்பி அவருக்கு அஞ்சலிக் கூட்டம் வைக்கிறான். பூசை முடிந்து செயின்ட்-மிஷேல் மெற்றோவில் நிற்கும்போது கூட்டப் பதாகையைப் போனுக்கு அனுப்பினான். நான் கொடுத்த பழைய படம்தான். ஆனால் அவர் தோளில் கிடந்த நீலப் பொன்னாடை சிவப்பாகியிருந்தது.

எங்கள் விழாவில் அவருக்குப் போர்த்த அதை வாங்கியவள் நான். சரிகைக் கரை பிடித்திருந்தது. அவருடைய கட்சியின் நிறம் சிவப்பு, நீலம் எதிர்க்கட்சியின் நிறம் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. மேடையில் போர்த்தியதும் அவருடைய கட்சிக்காரர்களின் முகம் கறுத்துப்போனது. அவர் சிரித்துவிட்டு, அதைக் கழற்றாமலே பேசினார்.

பிறகு, அகதிகளைத் திருப்பி அனுப்பும் சட்டம் வந்தபோது சொந்தக் கட்சிக்கு எதிராக வாக்களித்தார். கட்சி அவரை விலக்கியது. அடுத்த தேர்தலில் சுயேச்சையாக நின்றார். அந்த மழையில் நாங்கள் வீடு வீடாக அவரோடு ஏறி இறங்கினோம். குளிருக்கு அவர் கழுத்தில் சுற்றியிருந்தது அதே பொன்னாடைதான். தோற்ற அன்று எங்கள் வீட்டுக்கு வந்து இடியப்பம் சாப்பிட்டார். இரண்டாம் தரமும் சொதி கேட்டு வாங்கினார். எவ்வளவு நல்ல இரவு அது.

தம்பிக்குப் போன் எடுத்தேன்.

"ஏனடா நிறத்தை மாத்தினனீ?"

"நீலம் கிடந்தால் சனம் அவரை மற்றக் கட்சி எண்டெல்லோ நினைக்கும், அக்கா."

"அவர் ஒரு கட்சியும் இல்லையடா."

"பேந்து கதைப்பம்" என்று வைத்துவிட்டான்.

கட்சிக்காரர் முகம் கறுத்தபோதும், கட்சி விலக்கியபோதும் அவர் கழற்றாத பொன்னாடை. அவர் கண் மூடியதும் என் தம்பி கழற்றிவிட்டான்.