மட்டி திறக்கும் வரை

உன் கேமராப் பையின் ஜிப்பை இழுத்ததும் சேற்று வாடை குப்பென்று அடித்தது. எண்ணூர் முகத்துவாரத்துச் சேறு. கூடவே உன் பெயின்ட் கடையின் டர்பன்டைன் வாடையும் லேசாக. உள்ளறையிலிருந்து என் வீட்டுக்காரர், “இன்னா, கருவாடு வாங்கியாந்தியா?” என்று குரல் கொடுத்தார். “கருவாடு இல்லய்யா, என் தோஸ்தோட பை” என்றேன். அவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டார்.

பையை முந்தின நாள் அண்ணாச்சிதான் கொண்டுவந்து கொடுத்தார். உன் வீட்டுக்காரரை ஊரே அண்ணாச்சி என்கிறது, நானும் அப்படித்தான். “இதுல இருக்கதுல எது அவ படம்னு நீதாம்மா பாத்துச் சொல்லணும்” என்று சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் கேமராக் குழுவின் கண்காட்சி. ஆளுக்கு ஒரு படம். உன் பெயருக்கும் சுவரில் ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். ‘ஓடு’ என்ற தலைப்புக்கு நீ எதைக் கொடுத்திருப்பாய் என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். நல்ல வேலை வைத்துவிட்டுப் போனாய், போ.

கடைசியாகப் போனில் என்ன சொன்னாய்? “ஏளா, கெடச்சிட்டு! நான் தேடுன ஓடு கெடச்சிட்டு!” நான் பரபரத்தேன். “இன்னாமே அது, சொல்லித் தொல.” “போன்ல சொன்னா ருசி இருக்காது. ஞாயித்துக்கெழம வா, காட்டுதேன்.” அந்த ஞாயிறு வருவதற்குள் உனக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அடக்கத்தன்று எல்லாரும் அழுதார்கள், நானும் அழுதேன். ஆனால் உன்னிடம் மறைப்பானேன், அத்தனை அழுகைக்கு நடுவிலும் மண்டைக்குள் ஒரே கேள்விதான் குடைந்துகொண்டிருந்தது. அப்படி எதைத்தான் எடுத்தாய், பாவி?

உன்னை முதன்முதலில் பார்த்ததே ஒரு சண்டையில்தான். வீட்டுக்கு அடிக்க எமல்ஷன் வாங்கலாம் என்று திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உங்கள் பெயின்ட் கடைக்கு வந்தேன். மகள் வெளிநாடு போகும்போது விட்டுப்போன கேமராவை வைத்துக்கொண்டு நீ கல்லாவுக்கு முன்னால் முட்டி போட்டிருந்தாய். டப்பாவின் ஓரத்தில் வழிந்து காய்ந்த பெயின்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாய். சாமான் வாங்க ஒருத்தி நிற்கிறாளே என்ற நினைப்பே இல்லை. துறைமுகச் சரக்கு ஏஜென்ட் ஆபீஸில் லாரிக்காரர்களிடம் கத்திக் கத்தித் தொண்டை பழகியவள் நான், சும்மா விடுவேனா? “இன்னாமே, இது கடையா, போட்டோ ஸ்டூடியோவா?” நீ நிமிராமலே, “ரெண்டுந்தான். ஒனக்கு எது வேணும்?” என்றாய். அன்றைக்கு எமல்ஷனை மறந்துவிட்டு, உங்கள் குழுவில் சேர்ந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

இந்த ஆண்டுத் தலைப்பை நம் செயலாளர் தனசேகர் அறிவித்தபோது என்ன அமளி! கடல் சிப்பியோ, முட்டை ஓடோ, நண்டு ஓடோ, எதை வேண்டுமானாலும் ஓடாகப் பார்க்கலாம், பார்வைதான் முக்கியம் என்றார். பாதிப் பேர் காசிமேட்டுக்குக் கிளிஞ்சல் பொறுக்க ஓடினார்கள். ஒருவர் காட்டுப்பள்ளியில் கட்டி முடியாத கப்பலை எடுத்தார். நான் என் பிழைப்பையே எடுத்தேன். எண்ணூர் யார்டில் கதவு திறந்தபடி கிடக்கிற காலிக் கன்டெய்னர்கள், வரிசை வரிசையாக. உள்ளே இருந்தது போன பிறகு மிஞ்சுவதுதானே ஓடு? பெருமையாக உன்னிடம் காட்டினேன்.

“நல்லாத்தான் இருக்கு” என்று இழுத்தாய். “ஆனா ஆளில்லாத வீட்டுல பத்திரிகை வச்ச மாதிரி இருக்கு.”

எனக்குச் சுருக்கென்றது. “ஓடுன்னா காலியாதாம்மே கீது! கடக்கரைல பொறுக்குனா உள்ள இன்னா, பிரியாணியா கீது?”

“காலியா இருந்தா அது குப்பைளா. உள்ள ஒண்ணு உசுரோட இருக்கணும். நம்மளக் கண்டதும் மூடிக்கிடணும். அதுதான் ஓடு.”

“மூடிகினா நீ இன்னாத்த படம் எடுப்ப? மூடியவா?”

“அதான் எனக்கும் தெரியல” என்றாய். ஷேர் ஆட்டோவில் வழி நெடுக இதே சண்டை. கடைசியில் ஓட்டுநர் திரும்பி, “யக்கா, நீங்க எறங்குற எடம் தாண்டிப் போயி ரொம்ப நேரமாவுது” என்றார்.

அப்படி வாய் கிழியப் பேசியவள் அடுத்த வாரமே என்ன செய்தாய்? வீட்டு ஷோகேஸிலிருந்த பெரிய சங்கை முந்தானையில் மறைத்துக் காசிமேட்டுக்குக் கொண்டுவந்தாய். உயிருள்ளது கிடைக்கும்வரை கை சும்மா இருக்க வேண்டாமே என்று சமாதானம் வேறு. அலை வந்து தொடுகிற ஈர மணலில் அதை வைத்தாய். நான் தெர்மோகோல் அட்டையைப் பிடித்து அதன் மேல் வெளிச்சத்தைத் திருப்பினேன். படம் காலண்டரில் போடுகிற மாதிரி வந்திருந்தது. மாடியில் நடந்த மாதக் கூட்டத்தில் தனசேகர் அதை டிவியில் பெரிதாகப் போட்டார். ஒரே கைதட்டல். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “இரு, இரு, ஓரத்துல இன்னாமோ எழுதி கீதே?” பெரிதாக்கிப் பார்த்தால் உன் பெயர், ஓர் இதயம், அண்ணாச்சி பெயர்! கல்யாணமான புதிதில் கன்னியாகுமரிக் கடையில் பெயர் எழுதி வாங்கிய சங்கு. “மாமு, இந்தச் சங்கு பேரு வெச்சிகினே பொறந்துச்சுபா!” என்று ஒருவர் கத்தியதில் மாடியே அதிர்ந்தது. நாம் இரண்டு பேரும் வெளிச்சத்தைப் பார்த்தோம், கோணத்தைப் பார்த்தோம், சங்கை மட்டும் பார்க்கவில்லை. நீ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய்.

அதற்குப் பிறகுதான் நாம் எண்ணூருக்குப் போனது. அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்குக் கீழே தண்ணீர் வற்றியிருந்தது. சேறு தெரியாத அளவுக்குக் கறுப்புச் சிப்பிகள் கொத்துக் கொத்தாக அப்பிக் கிடந்தன. படகில் உட்கார்ந்து வலையை உதறிக்கொண்டிருந்தவரிடம் என்னவென்று கேட்டாய். “அது காக்கா ஆழிம்மா. எங்கேர்ந்தோ கப்பல் அடியில ஒட்டிகினு வந்துச்சு. மஞ்ச மட்டின்னு நாங்க அள்ளி விக்கிற சிப்பி கீற எடத்தயெல்லாம் மூடிடுச்சு. எங்க பொழப்பே பேஜாராப் பூட்ச்சு.” வேறு யாராவது என்றால் அய்யோ பாவம் என்றிருப்பார்கள். நீயும் சொன்னாய். ஆனால் மறு மூச்சிலேயே, “அந்த மஞ்ச மட்டி உசுரோட இருக்கும்போது தொறந்திருக்குமாண்ணே, மூடியிருக்குமா?” என்று கேட்டாய். அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்தார். “கொதிக்கிற தண்ணில போட்டா தொறக்கும்மா. வேற எப்ப தொறந்து யாரு பாத்தா?” நீ அதற்குள் சேற்றில் இறங்கிவிட்டாய். காக்கா ஆழி பாதத்தைக் கிழித்துவிட்டது. “ரத்தம் வருதுமே, ஏறு மேல!” என்று நான் அலறுகிறேன். “வரட்டும், வெளிச்சம் போயிரும்லா” என்று நீ கேமராவைத் திருகிக்கொண்டிருக்கிறாய். உன்னோடு வெளியே போவது கட்டுச்சோற்றுக்குள் எலியை வைத்துக் கட்டிக்கொண்டு போவது மாதிரிதான்.

பையைத் திறந்த கையோடு உன் படங்களை லேப்டாப்பில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முட்டை ஓடு இருக்கிறது, அதன் மேல் எறும்பு இருக்கிறது. காட்டுப்பள்ளியில் வெல்டிங் முகமூடி போட்ட ஓர் ஆள், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கண் மட்டும் தெரிகிறது. மணலி டேங்கர் லாரி ஒன்று, ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு தூங்குகிற கால். எந்தப் படமும் காலியாக இல்லை. சொன்ன சொல்லில் நின்றிருக்கிறாய், கெட்டிக்காரிதான். ஆனால் கடைசியில் என்ன இது? வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம், நடுவில் பழுப்பாக ஒரு கூழாங்கல். அடுத்த படமும் அதுவே. அதற்கடுத்ததும் அதுவே. கேமரா கெட்டுவிட்டதோ என்று நினைத்து மூடிவைத்தேன்.

தனசேகர் போன் செய்தார். சங்குப் படத்தையே மாட்டிவிடலாம், எல்லாருக்கும் உன்னை நினைத்தாலே அதுதான் ஞாபகம் வருகிறது என்றார். முடியாது என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சியும் கூப்பிட்டார். “ஏம்மா, அந்தச் சங்குப் படத்தப் போட்டா என்ன? அதுல எங்க ரெண்டு பேரு பேரும் இருக்குல்லா.” தனசேகரிடம் கத்திய வாய் அவரிடம் திறக்கவில்லை. அது நீ சிரித்த படம். நீ தேடிய படம் அது இல்லை. இதை அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? நீ இருந்தால் உன்னையே திட்டியிருப்பேன்.

மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். சங்குப் படத்துக்குச் சரி சொல்லிவிடலாம் என்றுதான் போனேன், சத்தியமாக. பேச்சுக்கு நடுவில் அந்த வெள்ளை வட்டம் திரையில் வந்தது. அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“அட, இது நம்ம பெயின்ட் வாளியில்லா!”

“வாளியா?”

“அன்னைக்கு மட்டிக் கொழம்பு வைக்கேன்னு எண்ணூர்ல போயி வாங்கிட்டு வந்தா. மண்ணு கக்கட்டும்னு வாளியில கடத்தண்ணி ஊத்திப் போட்டா.”

மட்டியை வாங்கிவந்ததும் அடுப்பில் ஏற்ற முடியாது, உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தால் அதுவே வாயைத் திறந்து மண்ணைக் கக்கிவிடும். ராயபுரத்தில் என் அம்மாவும் அப்படித்தான் செய்வாள். ஒரு தட்டைப் போட்டு மூடிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

“இவ பொழுதன்னைக்கும் வாளி முன்னால குத்தவச்சு உக்காந்துட்டா” என்றார் அண்ணாச்சி. “என்னதான்னு நானும் போயிக் குனிஞ்சேன். எம் நெழலு விழுந்ததும் அம்புட்டும் டப்புனு மூடிக்கிட்டு! அதுக்கு ஏசுனா பாரு ஒரு ஏச்சு. கடையில ஆள் நிக்கு வாடின்னா வர மாட்டேங்கா. மத்தியானம் கொழம்பு எங்கன்னு கேட்டா, ‘நாக்க நீட்டிப் பாத்ததக் கண்ணால பாத்துட்டு எப்படிக் கொதிக்கப் போட?’ங்கா. வாளியத் தூக்கிட்டு ஆட்டோ புடிச்சு முகத்துவாரத்துக்கே போயிட்டா. எனக்கு அன்னைக்கு ரசந்தான்.”

சொல்லும்போது சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒவ்வொரு படமாக நகர்த்தினார். நான் அவசரத்தில் தாண்டிப்போனவை எல்லாம் இப்போதுதான் கண்ணில் பட்டன. கூழாங்கல் என்று நான் நினைத்ததில் ஒரு கீறல். அடுத்ததில் கீறல் கொஞ்சம் அகலம். அப்புறம் இரண்டு சின்னக் குழாய்கள், தண்ணீரை முகர்ந்து பார்க்கிற மாதிரி. பிறகு ஒரு படத்தில், ஓட்டின் விளிம்பைத் தாண்டி ஒரு வெளிர் நாக்கு, வாளியின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அண்ணாச்சியின் விரல் அங்கே நின்றது. அவர் சிரிப்பும் நின்றது.

“வாளியக் கொட்டிட்டு வந்ததும் மொத போனு ஒனக்குத்தாம்மா அடிச்சா” என்றார். அப்படியானால் இதுதான். நீ தேடிக் கிடைத்தது இதுதான். நான் வாயெடுப்பதற்குள் அவரே, “இதையே போடுவோம். சங்கு வீட்டுல இருக்கட்டும்” என்றார்.

இதுவரை எழுதி நிறுத்தியிருந்தேன். இப்போது ஞாயிறு சாயங்காலம், கண்காட்சி முடிந்து வந்து எழுதுகிறேன். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உன் கட்சிக்கு நான் இன்னும் முழுசாக வரவில்லை. உன் கல்லாவுக்குப் பின்னால் கிடக்கிற முக்காலியைப் பார்த்தால் எனக்கு ஓடு என்றால் காலிதான். நீ இல்லாமல் எனக்குத் தாங்கவில்லை, சண்டை போட ஒரு நாதி இல்லை. ஆனாலும் ஆபீஸ் போகிற வழியில் லாரிகள் தேங்கி நிற்கும்போது முன்பு மாதிரி எரிச்சல் வருவதில்லை. ஒவ்வொரு ஜன்னலாகப் பார்க்கிறேன். உள்ளே யார், என்ன செய்கிறார், எப்போது வெளியே தலையை நீட்டுவார் என்று. இந்தக் கிறுக்கை எனக்கு ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாய்.

அண்ணாச்சி காலையில் கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டையோடு நேராகக் கண்காட்சிக்கு வந்துவிட்டார். கடைக்கு வெளியே யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத மனிதர், நாள் முழுக்க உன் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். நாற்காலி போட்டுக் கொடுத்தும் உட்காரவில்லை. “இன்னாபா இது, கல்லா?” என்று கேட்டவரிடம், “கல்லு இல்ல தம்பி, மட்டி. உசுரோட இருக்கு” என்றார். மதியத்துக்கு மேல் கல்லூரிப் பெண்கள் கும்பலாக வந்தார்கள். போனை நீட்டிக்கொண்டு படத்தின் மேல் சாயாத குறையாக முண்டினார்கள். அண்ணாச்சி பதறிப்போய் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே வந்தார்.

“பிள்ளைகளா, கொஞ்சம் அங்கிட்டு நில்லுங்க. நெழலு விழுந்தா மூடிக்கிடும்.”

ஒரு பெண் சிரித்துவிட்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். சத்தம் அடங்கி, ஒவ்வொருவராக நகர்ந்துகொண்டார்கள்.

நானும் தள்ளி நின்றேன்.