மூன்றாம் தட்டின் கடைசிப் பாட்டு

ஜனவரி 11

மழை. லாரி அதிகம் இல்லை. எடை மேடையில் தண்ணீர் தேங்கி, வெறும் மேடையே ஒரு ஆள் எடை காட்டியது. கண்ணுக்குத் தெரியாத ஒருத்தன் ஏறி நிற்கிறான் என்று சிமெண்டு லாரிக்காரனிடம் சொல்லி, அதிலிருந்தே ஒரு கதையை ஆரம்பித்தேன். எடை எண் ஆடி அடங்குகிற வரைக்கும் டிரைவர்கள் எங்கேயும் போக முடியாது. என் கதையைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். இந்த உத்தியோகத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

சொல்ல வந்தது வேறு. மகள் பார்சல் அனுப்பியிருக்கிறாள். ஒரே பெட்டியில் சிடி என்கிற பாட்டுத் தட்டு மூன்று, கூடவே அதைப் போடுகிற பெட்டி. வாத்தியமே கிடையாதாம், மனிதக் குரல் மட்டும்தானாம். முதல் தட்டில் அடிவயிற்றிலிருந்து பாடுகிற ஆம்பிளைகள். இரண்டாவதில் நடுக்குரல்கள். மூன்றாவதில் மேலே மேலே ஏறி, கடைசியில் ஒரு பொம்பளை தொடுகிற உயரம். மனிதத் தொண்டை எவ்வளவு கீழே இறங்கும், எவ்வளவு மேலே போகும் என்று காட்டத்தான் போட்டார்களாம். என்ன பாஷை என்று தெரியவில்லை.

அனுப்பினது எனக்கில்லை, என் வீட்டுக்காரிக்கு. காலமெல்லாம் நூல் மில்லில் வேலை பார்த்தவள். மில்லை மூடின அன்றைக்கு மகளிடம் சொல்லியிருக்கிறாள்: "மெஷின் பாடிக் கேட்டது போதும்டி. இனிமே மனுசன் பாடிக் கேக்கணும்."

இவள் தம்பி வந்திருந்தான். லாரி ஓட்டுகிறவன். கனத்த குரலை வைத்து ஊரே அவனைப் பீப்பாய் என்று கூப்பிடும். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "என்ன மாமா, மேளம் அடிக்கிறவன் அன்னைக்கு லீவா?" என்றான்.

ஜனவரி 19

மூன்றாம் தட்டின் கடைசிப் பாட்டுதான் இவளுக்கு உயிர். வேலையெல்லாம் முடித்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்தப் பாட்டு முடிகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள். பாட்டுக்காரி கிடுகிடு என்று மேலே போகிறாள். போய்க்கொண்டே இருக்கிறாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"பூனை வாலை மிதிச்ச மாதிரி இருக்கு" என்றேன்.

பொழுது சாயும் வரை என்னோடு பேசவில்லை. சாயங்காலம் கதை சொன்னபோது மட்டும் ம் கொட்டினாள். கோபத்திலும் அதை மட்டும் நிறுத்த மாட்டாள். கதை சொல்கிறவனுக்கு எதிரே ம் கொட்ட ஒரு ஆள் வேண்டும். இல்லாவிட்டால் கதை நொண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் கதைகள் இவளுடைய ம்-இல்தான் நடந்து வந்திருக்கின்றன.

பிப்ரவரி 2

இடுப்புப் பிடிப்பு. எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 20

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

வேலை முடிந்து வந்தேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. பாட்டுப் பெட்டி முன்னால் இவள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். தலை மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. வீட்டில் சத்தமே இல்லை. பாட்டு எப்போதோ முடிந்து தட்டு சுற்றுவதும் நின்றிருந்தது.

"பாட்டுதான் முடிஞ்சிருச்சே?" என்றேன். தலை ஆடியது. இன்னொரு தரம் சொன்னேன். ஆடியது. தோளைத் தொட்டேன். தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு.

"மூணாவது சிடி கெட்டுப்போச்சுங்க. கொஞ்ச நாளாவே கடைசிப் பாட்டு சரியா வரல. நானா மனசுக்குள்ள ஓட்டிக்கிறேன்" என்றாள்.

தட்டை எடுத்துச் சட்டையில் துடைத்துத் திரும்பப் போட்டேன். பாட்டுக்காரி ஆரம்பித்தாள். ஒரு கீறல் இல்லை, ஒரு பிசிறு இல்லை. கூரை ஓடு பிய்ந்து போகிற மாதிரி பாடினாள்.

இவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"இப்ப பாடுறாளா?"

பிப்ரவரி 21

காலையில் கேட்டேவிட்டேன். "என் கதை?"

குனிந்து தரையையே பெருக்கிக்கொண்டிருந்தாள். முன்னால் போய் நின்று கத்தினேன். "நான் சொன்ன கதையெல்லாம் கேட்டியா, கேக்கலையா?"

"முன்னாடி கேட்டுச்சு. பார்சல் வந்த புதுசுல எல்லாம் நல்லாவே கேட்டுச்சு."

"அப்புறம் ம் கொட்டினது?"

"நீங்க மூச்சு வாங்க நிறுத்துவீங்கல்ல. அப்ப ம் சொல்வேன்."

அடிப் பாவி. நான் எத்தனை கதை சொன்னேன் இந்த ஒரு மாசத்துல! அந்தக் குளத்துக்காரன் கதையில ஒரு எடம் வரும்போது நானே நிறுத்தித் துண்டால கண்ணைத் துடைச்சேன். அங்கயும் சரியா ம் சொன்னா. நான் என்னமோ பொண்டாட்டி மனசு கரைஞ்சிருச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். சுவத்துக்கிட்ட சொல்லியிருக்கேன். சுவராச்சும் பொய் சொல்லாது.

எதுக்கு மறைச்சா? கேட்டதுக்கு, "கதையை நிறுத்திருவீங்களோன்னுதான்" என்றாள்.

மார்ச் 6

காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். வெளியே நின்று பார்த்தேன். முதலில் கை தூக்கினாள். அப்புறம் நெடுநேரம் மடியிலேயே இருந்தது கை. இன்னும் சத்தம் போட ஆரம்பிக்கவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் நல்ல மனுஷி. சின்ன வயசு. "மில்லு பாதி, நரம்பு பாதிங்க ஐயா. மேல் சத்தம்தான் முதல்ல போகும். கீச்சுன்னு இருக்கிறது, மெல்லிசா இருக்கிறது எல்லாம். கனமான சத்தம் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்."

"கொஞ்ச நாள்னா?"

"போனது திரும்பி வராது. இருக்கிறதும் வேகமாத்தான் இறங்குது."

அப்புறம் தயங்கித் தயங்கி, "ஐயா, உங்க குரலும் மேல்தான்" என்றார்.

தெரியும். பள்ளிக்கூட நாளிலேயே எனக்கு ஊர்ப் பிள்ளைகள் எலிக்குஞ்சு என்று பேர் வைத்திருந்தார்கள். டிரைவர்கள் போனில் என்னை "அம்மா" என்று கூப்பிட்டதுண்டு. அதையெல்லாம் சிரித்து, கதையாக்கி விற்றுவிட்டேன். இதை என்ன செய்வது?

மார்ச் 15

பீப்பாய் சாப்பிட வந்தான். வாசலில் நின்றபடியே, "அக்கா, பசிக்குது" என்றான். இவள் அடுப்படியிலிருந்து, "இந்தா வரேன்டா" என்றாள்.

இரண்டு பேரும் பேசினார்கள், சிரித்தார்கள். நடுவில் நான் ஒன்று சொன்னேன். இவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "மாமா தண்ணி கேக்குறாருக்கா" என்று அவன் எடுத்துச் சொன்னான்.

என் வீட்டில் என் பொண்டாட்டியிடம் நான் பேச மச்சினன் தயவு வேண்டியிருக்கிறது. அவன் மேல் தப்பில்லை. அவன் போனதும் அவன் சாப்பிட்ட தட்டை நங்கென்று வைத்தேன். அது அவளுக்குக் கேட்டது. "ஏன் போட்டு உடைக்கிறீங்க?" என்றாள்.

மார்ச் 18

எடை அறையில் ஆள் இல்லாதபோது கட்டைக் குரலில் பேசிப் பழகுகிறேன். தாடையை நெஞ்சில் ஒட்டி வைத்துக்கொண்டு முதல் தட்டு ஆம்பிளைகள் மாதிரி. வீட்டுக்கு வந்து அந்தக் குரலில் ஒரு கதை ஆரம்பித்தேன். ராஜா பேசினால் எருமை பேசுகிறது. ராணி பேசினாலும் எருமைதான். நாலு வரி தாண்டுவதற்குள் இருமல் வந்துவிட்டது.

இவள் தண்ணீர் கொடுத்து முதுகைத் தட்டினாள். "யாரோ கிணத்துக்குள்ள விழுந்துட்ட மாதிரி இருக்கு. வேணாங்க."

ஏப்ரல் 9

காது மிஷின் வாங்கி மாட்டியாயிற்று. பாத்திரம், வாசலில் போகிற வண்டி, பாயைச் சுருட்டுகிற சத்தம் எல்லாம் மண்டைக்குள் இடிக்கிறதாம். "சத்தம் வருது. பேச்சு வரல" என்கிறாள். சாயங்காலமே கழற்றி வைத்துவிட்டாள்.

இரண்டாம் தட்டில் பாதி போய்விட்டது. எந்தப் பாட்டு வரை கேட்கிறது என்று நான் கேட்பதில்லை. எந்தத் தட்டை எடுக்கிறாள் என்று பார்த்தாலே போதும். மூன்றாவதைத் தொடுவதில்லை.

நம் பேச்சில் எத்தனை காது! காது கொடு என்கிறோம், காதில் பூ சுற்றாதே என்கிறோம். நேற்று எடை மேடையில் ஒருத்தன் மேஸ்திரியைத் திட்டும்போது, செவிடன் காதில் ஊதின சங்கு என்றான். நான் ஆயிரம் தரம் சொன்ன பழமொழிதான். அவன் லாரி கிளம்பிப் போன பிறகும் எடை காட்டுகிற எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மே 3

இவளோடு மில்லில் இருந்த சிநேகிதி வந்தாள். இரண்டு பேரும் திண்பண்டத்தை நடுவில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள், பேசுகிறார்கள், சத்தமே இல்லை! வாய் மட்டும் அசைகிறது. ஒருத்தி அசைத்தால் இன்னொருத்தி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். என்னைப் பற்றித்தான் என்று தெரிந்தது.

மில்லில் மெஷின் சத்தத்தில் யார் பேச்சு யாருக்குக் கேட்கும்? வாயைப் பார்த்தே பேசிப் பழகிவிட்டார்களாம். இத்தனை வருஷம் இது எனக்குத் தெரியாது. நான் மில்லைப் பற்றி எங்கே கேட்டேன்? என் கதைக்கே நேரம் போதவில்லை.

சிநேகிதி போனதும் எதிரே உட்கார்ந்து, "அப்ப என் வாயை மட்டும் ஏன் படிக்க மாட்டேங்கிற?" என்றேன். மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது.

"உங்க வாய் எங்க தெரியுது? புதர்தான் தெரியுது."

மீசையைச் சொல்கிறாள். மேல் உதட்டை மூடி, கீழ் உதட்டையும் பாதி மூடின மீசை. இந்தக் குரலுக்கு அந்த மீசையாவது இருக்கட்டும் என்று வாலிபத்தில் வளர்த்தது.

மே 4

எடுத்துவிட்டேன். டிரைவர்கள் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தன், "அண்ணே, எடை குறைஞ்சிருக்குமே, ஏறி நில்லுங்க பார்ப்போம்" என்றான். பீப்பாய் மட்டும் சிரிக்கவில்லை. என் தோளில் கையை வைத்துவிட்டு லாரியில் ஏறிக்கொண்டான்.

ஜூன் 22

படிக்கிறாள். வெளிச்சம் வேண்டும், நான் திரும்பக் கூடாது, வாயில் எதுவும் மெல்லக் கூடாது. கதைக்கு நடுவே கொக்கு மாதிரி நடப்பேன், முதுகைக் காட்டுவேன், கையால் வாயைப் பொத்தி ரகசியம் சொல்வேன். இப்போது அதெல்லாம் கிடையாது. சுவரில் மாட்டின படம் மாதிரி உட்கார்ந்து வாயை அசைக்கிறேன்.

நல்லா இருக்கா என்று கேட்டேன்.

"கதை வருது. நீங்க வரல."

ஜூலை 14

இன்று கதை சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 30

முதல் தட்டில் ஒருத்தன் இருக்கிறான். வாயைத் திறக்காமல் அடியில் முனகுகிறவன். இத்தனை நாள் அவன் ஒருத்தன்தான் மிச்சம் இருந்தான். இன்று பெட்டி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். நான் எதிரே போய் உட்கார்ந்து, "வருதா?" என்றேன்.

"எறும்பு ஊறுற மாதிரி இருக்கு. அவ்வளவுதான்."

தட்டுகளைப் பெட்டியில் வைத்து மூடினாள். துணி அலமாரிக்கு மேலே எனக்கு மட்டும் எட்டுகிற இடத்தில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். மகள் போன் செய்தபோது, "அம்மா பாட்டு கேக்குறாளாப்பா?" என்றாள். கேட்கிறாள் என்றேன். போனில் மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறாள் என்று எனக்குத் தெரியும். நான் ஒரு லாரிக்காரன் கதையை ஆரம்பித்தேன். "வேணாம்ப்பா" என்றாள்.

அக்டோபர் 12

விடுமுறை. மத்தியானம் இவள் அலமாரிப் பக்கம் கையைக் காட்டி, "எடுங்க. மூணாவதைப் போடுங்க" என்றாள்.

எதற்கு என்று கேட்டேன்.

"நீங்க கேட்டு எனக்குச் சொல்லுங்க. கடைசிப் பாட்டை."

போட்டேன். கதை சொல்கிறவனுக்கு இது எம்மாத்திரம் என்று நினைத்தேன். பாட்டு முடிந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து சொன்னேன். ஒருத்தி மலை ஏறுகிறாள் என்றேன். ஏற ஏற ஊர் சின்னதாகிறது என்றேன். உச்சியில் காற்று முந்தானையைப் பிடுங்குகிறது என்றேன். நன்றாகத்தான் வந்தது.

"இது உங்க கதை" என்றாள். "அவ என்ன பண்ணினா? அதைச் சொல்லுங்க."

உச்சிக்குப் போனாள் என்றேன்.

"உச்சிக்குப் போறதுக்கு முன்னாடி சின்னதா ஒரு மூச்சு இழுப்பாளே, பயந்த மாதிரி. அதைக் காணோமே?"

அப்படி எதுவும் இல்லை என்றேன். இருக்கு என்றாள். இல்லை என்றேன். "காது உங்களுக்குத்தானே இருக்கு, கேளுங்க" என்றாள்.

திரும்பப் போட்டேன். இல்லை. இன்னொரு தரம் போட்டு, பெட்டியோடு காதை ஒட்டிவைத்து, அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசிக்காமல் உட்கார்ந்தேன். இருந்தது. ஒரு குழந்தை தண்ணீரில் கால் வைக்கிற மாதிரி — இல்லை. மாதிரி எல்லாம் ஒன்றுமில்லை. மூச்சு. ஒரு பொம்பளையின் மூச்சு.

இவள் பக்கம் திரும்பி, "இருக்கு" என்றேன்.

"அப்புறம்?" என்றாள்.

அந்த மூச்சு கிடைத்ததும் அதைச் சொல்லத் திரும்பிவிட்டேன். அதற்கு அப்புறம் வந்ததை நான் கேட்கவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு, முதலிலிருந்து போட்டேன்.