பெலார்கோஸின் முதல் கூட்டம்

நேயா வூர்லா,
ஜூன் 16, செவ்வாய்.

அன்பு மகள் எவான்தியாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் அந்த ஸ்வீடன் குளிரை ஒருவழியாகத் தாண்டி, நல்ல வெயிலும் நல்ல பசியுமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நன்றாகவே இருக்கிறோம், என் தொண்டையைத் தவிர. ஞாயிறு மதியத்திலிருந்து எனக்குக் குரல் இல்லை. டாக்டர் ஒரு வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். உன் அப்பா அந்தச் சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். "நாப்பத்தொரு வருஷமா நான் தேடிக்கிட்டிருந்த மருந்து இதுதான்" என்று ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியும் வைத்துவிட்டார். அதனால்தான் நேற்று நீ கூப்பிட்டபோது எடுக்கவில்லை. கோபத்தில் எடுக்கவில்லை என்று நீ நினைத்திருந்தால் அதுவும் சரிதான்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சங்கத் தலைவர் ஸ்டெர்கியோஸ் உனக்கு அவன் பாணியில் எழுதியிருப்பான். மே மாதம் நம் பெலார்கோஸ் கூடைப்பந்து அணி இரண்டாம் பிரிவுக்கு ஏறியது உனக்குத் தெரியும். பதினேழு வருஷத்துக்குப் பிறகு ஏறினோம், தெருவில் இரண்டு நாள் ஹாரன் அடித்தார்கள். மூன்றாம் நாள் கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு கட்டட முதலாளி வந்தார். அவரிடம் புது உள்ளரங்கம் இருக்கிறது, அமெரிக்க ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள், அணி மட்டும் நான்காம் பிரிவில் கிடக்கிறது. ஒவ்வொரு படியாக ஏற அவருக்குப் பொறுமை இல்லை, எனவே இரண்டு சங்கங்களையும் இணைக்கலாம் என்றார். இணைந்த பிறகு பெயர் அவருடையது, சட்டையின் நிறம் அவருடையது, அரங்கமும் அவருடையது. நம் பங்கு, நாம் ஏறிய அந்த இடமும் சங்கம் தொடங்கிய 1926 என்ற வருஷமும். இப்படி வைத்துக்கொள். வகுப்பில் ஒரு பிள்ளை முட்டி மோதிப் பாஸாகிவிட்டது. பக்கத்துப் பள்ளிக்காரர் வந்து, அந்த மதிப்பெண் தாளை மட்டும் கொடுங்கள், எங்கள் பிள்ளையின் பெயரை ஒட்டிக்கொள்கிறோம், உங்கள் பிள்ளை உட்கார நல்ல பெஞ்சு வாங்கித் தருகிறோம் என்கிறார். நீ கொடுப்பாயா? ஸ்டெர்கியோஸ் கொடுக்கலாம் என்கிறான். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், அப்போதும் தன் விடைத்தாளைப் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குக் காட்டிவிட்டு மிட்டாய் வாங்கிக்கொள்வான்.

நம் ஊர்ப் பொதுக்குழு வழக்கம் உனக்கு மறந்திருக்காது. அறிவிப்பில் இரண்டு ஞாயிறு போடுவார்கள். முதல் ஞாயிறு, மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வராவிட்டால் அடுத்த ஞாயிறு, வந்தவர்களே போதும். நம் ஆட்கள் இதிலிருந்து புரிந்துகொண்டது, முதல் கூட்டம் என்றால் நடக்காத கூட்டம் என்பதுதான். எனக்கு விவரம் தெரிந்த நாளாக மைதானக் காவலர் ப்ரோத்ரோமோஸ் மட்டும் போய்ச் சங்க அறைக் கதவைத் திறப்பார், வாசலில் ஒரு சிகரெட் பிடிப்பார், ஆள் போதவில்லை என்று நோட்டில் எழுதிவிட்டுப் பூட்டுவார். அறிவிப்பைப் படிக்கும்போதே எல்லோருடைய கண்ணும் முதல் தேதியைத் தாண்டி ஓடிவிடும். இணைப்பை எதிர்த்து ஊரே இருபத்தொன்றாம் தேதிக்கு வரிந்துகட்டிக்கொண்டு நின்றது. பதினான்காம் தேதியை நினைத்தவன் ஸ்டெர்கியோஸ் ஒருவன்தான்.

நானும் கூட்டத்துக்கென்று போகவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். நூறாவது வருஷத்துக்காக நான் எழுதிக்கொண்டிருக்கும் சங்க வரலாற்றுக்குச் சில பழைய படங்கள் வேண்டியிருந்தன, ப்ரோத்ரோமோஸ் கதவு திறப்பாரே என்று கையெழுத்துப் பிரதியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்தால் நாற்காலி நிறைய ஆள். போன செப்டம்பரில் உறுப்பினராகச் சேர்ந்தவர்கள், தூரத்திலிருந்து பிள்ளைகளைப் பயிற்சிக்குக் கொண்டுவந்து விடும் பெற்றோர்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, நல்ல அரங்கம் கிடைக்கும் என்று சொன்னால் எந்தத் தாய் வேண்டாம் என்பாள். ஸ்டெர்கியோஸ் என்னைப் பார்த்து ஒரு கணம் விழித்தான், பிறகு சிரித்தான். "வாங்க டீச்சர், உங்களையும் சேத்து எழுபத்திரண்டு. எழுபது இருந்தாலே போதும், ரெண்டு உபரி" என்றான். சீட்டு அடித்து வாக்கெடுத்தால் நேரமாகும், கை தூக்கினால் போதும் என்றான். பத்து நிமிஷத்தில் நூறு வருஷத்தை முடித்துவிட்டு மீன் சாப்பிடப் போகலாம் என்பது அவன் திட்டம்.

அதற்கு முன்னால் அவன் ஒரு மின்னஞ்சலை எடுத்து வாசித்தான். நீ எழுதியது. "நம்ம எவான்தியா, ஒன்பதாம் நம்பர், மறந்துடாதீங்க" என்று தொடங்கினான். அம்மா மாதிரி ஆட்கள் இதை உணர்ச்சியாகப் பார்ப்பார்கள், அணி வளர வேண்டுமென்றால் பெயரைப் பிடித்துத் தொங்கக் கூடாது, தயங்காமல் முடிவெடுங்கள் என்று நீ எழுதியிருந்தாய். எழுபது பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். உனக்கு ஒரு கருத்து இருந்ததில் எனக்கு வருத்தமில்லை மகளே, கருத்து இருக்கட்டும் என்றுதானே வளர்த்தேன். ஆனால் என்னிடம் சொல்லாததை அவனிடம் சொன்னாயே.  அங்கேயே எழுந்து நின்று, பேச அனுமதி வேண்டும் என்றேன்.

பேச நேர வரம்பு கிடையாது. முன்பு பத்து நிமிஷம் என்று இருந்தது. தன் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்று கோபப்பட்டு அந்த விதியை நீக்க வைத்ததே ஸ்டெர்கியோஸ்தான். நான் மேசைக்குப் போகிற வழியில் ப்ரோத்ரோமோஸிடம் குனிந்து, எல்லோரையும் கூப்பிடு என்றேன். "எப்படி டீச்சர்? என் ஃபோன்ல மொத்தமே நாலு நம்பர், அதுல ஒண்ணு நீங்க" என்றார். எப்படியாவது, என்றேன். பிறகு பையிலிருந்து இருநூற்று நாற்பது பக்கத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அது மேசையில் விழுந்த சத்தத்துக்கே முன்வரிசையில் ஒருவர் பெருமூச்சு விட்டார்.

முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். கடல் தாண்டி அகதிகளாக வந்து நான்கு வருஷம்கூட ஆகாத ஆட்கள், ஒழுகும் பலகை வீட்டில் இருந்துகொண்டு, சங்கம் தொடங்கியதை வாசித்தேன். விட்டுவந்த ஊரின் கூரைகளில் கூடு கட்டிய நாரை இங்கேயும் வந்து கூடு கட்டியதைப் பார்த்து, பெலார்கோஸ் என்று அதன் பெயரையே வைத்தார்கள். புகையிலைக் கிடங்கிலிருந்து பீப்பாய் வளையம் இரண்டைக் கொண்டுவந்து கூடை வளையமாக மாட்டினார்கள். பெரிய ஊர் அணிக்காரர்கள் வந்து, அகதிப் பயல்கள் அகலமான வளையம் வைத்து ஏமாற்றுகிறார்கள் என்று புகார் செய்ய, நடுவர் நாடாவை எடுத்து அளந்தால் முறைப்படி இருக்க வேண்டியதைவிட இரண்டு விரல் குறைவு. அதில் போட்டுப் பழகிய பிள்ளைகள் வெளியூர் போனால் கண்ணை மூடிக்கொண்டு போட்டார்கள். பின்னாலிருந்து ஒருவர், "டீச்சர், இன்னும் இருபத்தாறாம் வருஷத்துலயே இருக்கோம்!" என்றார். "பொறுங்க, இருபத்தேழு வருது" என்றேன். உலகப் போரில் அந்நியப் படை ஆக்கிரமித்திருந்த காலத்தின் பட்டினிக் குளிரில் மைதானத்துப் பலகைகளை எல்லாம் பிரித்து வீடு வீடாக அடுப்பு எரிக்கக் கொடுத்துவிட்டு, வளையங்களை மட்டும் கோயில் கொல்லையில் புதைத்து வைத்ததை வாசித்தேன். ராணுவக் கர்னல்கள் நாட்டை ஆண்ட காலத்தில் மேலிருந்து ஒரு தலைவரை நியமித்து, பெயரை மாற்று என்று உத்தரவு போட்டார்கள். ஆட்டக்காரர்கள் புதுப் பெயர் போட்ட சட்டையை வாங்கிக்கொண்டார்கள், அதை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு ஏழு வருஷம் ஆடினார்கள். கேட்டால், "அவசரத்துல போட்டுக்கிட்டோம் சார்" என்பார்கள்.

அந்த இடத்தில்தான் சங்கு ஊதியது. ஆட்டம் முடியும்போது புள்ளிப் பலகையில் அலறுமே, அந்தச் சங்கு. ப்ரோத்ரோமோஸ் வெளியே போய் அதை அழுத்தியிருக்கிறார். அழுத்திய பொத்தான் சிக்கிக்கொண்டது. ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் இல்லாத நாளில், மேட்டு மைதானத்திலிருந்து விடாமல் அலறினால் ஊர் என்ன நினைக்கும்? முதலில் வந்தது பேக்கரி அந்தூலா, கையெல்லாம் மாவு. "என்ன மேட்ச் இன்னிக்கு? யாரு செத்தா?" என்றாளாம். "இன்னும் யாரும் சாகல, சீக்கிரம் உள்ள போ" என்றாராம் ப்ரோத்ரோமோஸ். பிறகு காப்பிக் கடை மொத்தமும் வந்தது. கோயிலில் நினைவுத் திருப்பலி முடித்தவர்கள் அங்கே கொடுத்த அவித்த கோதுமைப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி வந்தார்கள். உன் அப்பா அரிசி அடைத்த தக்காளியை அடுப்பில் விட்டுவிட்டு, கையில் அடுப்புக் கையுறையோடு ஓடி வந்தார். அந்தச் சங்குச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமென்று நான் கத்தி வாசித்தேன், அதில் போனதுதான் இந்தக் குரல்.

ஸ்டெர்கியோஸ் எழுந்து, தாமதமாக வந்தவர்களுக்கு வாக்கு இல்லை என்றான். வாக்கெடுப்பு தொடங்கும் முன் வந்தவர் எல்லோருக்கும் உண்டு என்பதுதான் விதி, நான் இன்னும் முடிக்கவில்லையே என்றேன். "எப்பதான் டீச்சர் முடிப்பீங்க?" என்றான். "ஆள் வந்து முடிஞ்சதும்" என்றேன். வேடிக்கை பார்க்க வந்திருந்த முதலாளியின் ஆட்களே சிரித்துவிட்டார்கள்.

கடைசியாக, நடுவில் பல பக்கங்களைத் தாண்டி, உன் பக்கத்தை வாசித்தேன். வோலோஸில் பெண்கள் அணி ஒரு புள்ளியில் தோற்ற அந்த ஆட்டம். கடைசி நொடியில் உனக்குக் கிடைத்த இரண்டு இலவச எறிகளும் தவறியதை மறைக்காமல் எழுதியிருக்கிறேன், வரலாறு என்றால் அதையும்தான் எழுத வேண்டும்.  மறுநாள் விடிந்ததும் மேட்டு மைதானத்தில் பந்து சத்தம் கேட்டது, உன் அப்பா போய்ப் பார்த்துவிட்டு உன்னைத் தொந்தரவு செய்யாமல் திரும்பி வந்தார். அந்தக் கோடை முழுவதும் அந்தச் சத்தத்தில்தான் ஊர் கண் விழித்தது, ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை. அடுத்த வருஷம் ஏறினீர்கள். இதை வாசித்து முடித்ததும், செப்டம்பரில் சேர்ந்த ஒரு தாய், பெயர்கூட எனக்குத் தெரியாது, பக்கத்திலிருந்தவரிடம் உரக்கவே சொன்னாள், "எங்க பொண்ணுங்கல்லாம் ஒன்பதாம் நம்பர் சட்டைக்கு ஏன் அடிச்சிக்கிறாங்கன்னு இப்பத்தான் தெரியுது."

கை தூக்கச் சொன்னார்கள். இணைப்புக்கு அறுபத்து நான்கு. எதிராகத் தொண்ணூற்று நான்கு. அதில் ஒரு கை அடுப்புக் கையுறை போட்ட கை, அதைச் செயலாளர் தனியாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சேர்த்துக்கொண்டார். அந்தத் தாயின் கையும் நம் பக்கம்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் தக்காளி கரிக்கட்டை. ரொட்டியும் ஆலிவும் சாப்பிட்டோம், அதைப் போல ருசியான சாப்பாடு இந்த வருஷத்தில் சாப்பிடவில்லை.

மற்றபடி ஊரில் எல்லாம் சரிதான். விளக்குக் கம்பத்துக் கூட்டில் நாரை மூன்று குஞ்சு பொரித்திருக்கிறது, சங்கு அலறியபோது தாய் நாரை அசையக்கூட இல்லையாம், ப்ரோத்ரோமோஸ் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். மாடிக் குழாயை அப்பா தானே சரிசெய்கிறேன் என்று ஒழுகலை இரண்டு இடமாக்கியிருக்கிறார். நீ கணினி முன்னால் உட்கார்ந்தே சாப்பிடுகிறாய் என்று சின்னவள் என்னிடம் சொன்னாள், அந்தப் பழக்கத்தை விடு. மேசைக்குப் போய்ப் பிள்ளைகளோடு சாப்பிடு.

இன்னொன்று. உன் மின்னஞ்சலைக் கூட்டக் குறிப்பிலிருந்து எடுத்துவிடட்டுமா என்று செயலாளர் கேட்டார், எனக்குச் சங்கடம் என்று நினைத்திருப்பார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும், ஒன்பதாம் நம்பர்க்காரி சொன்னது எதையும் இந்தச் சங்கம் அழித்ததில்லை என்றேன். நீ சொன்னதில் எனக்கு ஒரு எழுத்துகூட உடன்பாடு இல்லை. பெயரைப் பிடித்துத் தொங்கியவர்கள்தான் நூறு வருஷம் இதைத் தூக்கிச் சுமந்தார்கள். உணர்ச்சி என்றாய், சரி, உணர்ச்சிதான். வேறு எதை வைத்துக்கொண்டு பட்டினிக் காலத்தில் ஒரு இரும்பு வளையத்தைப் புதைத்துக் காப்பாற்றுவார்கள்?

ஸ்டெர்கியோஸ் விடப்போவதில்லை. அக்டோபரில் மறுபடி கொண்டுவரப்போகிறான், அறிவிப்பு இப்போதே ஒட்டியாகிவிட்டது, நான்காம் தேதி, இல்லாவிட்டால் பதினொன்றாம் தேதி. உன் உறுப்பினர் அட்டையை அப்பா வருஷா வருஷம் புதுப்பித்தே வைத்திருக்கிறார், உனக்கும் வாக்கு உண்டு, ஆனால் நேரில் வந்தால்தான். மூன்றாம் தேதிக்கே டிக்கெட் எடு. வந்து என் எதிரில் நின்று சொல். எனக்கு எதிராகக் கை தூக்குவதாக இருந்தாலும் இங்கே வந்து தூக்கு, அதற்குள் எனக்கும் குரல் வந்துவிடும். பக்கம் இன்னும் நூற்றைம்பது மிச்சம் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உங்கள் வீட்டில் சிரிப்பும் வெளிச்சமும் குறையாமல் இருக்க அன்னை மரியா காப்பாளாக. அப்பா கையுறையோடு கை அசைக்கிறார். மறக்காதே, இனி இந்த ஊரில் யாரும் இரண்டாம் கூட்டத்துக்குப் போவதில்லை. முதல் கூட்டத்துக்கே வா.

உன் மேல் கோபமும் அதைவிட அதிகமாகப் பிரியமும் உள்ள,
அம்மா பொலிக்சேனி