கறைதான் அப்பா, சொத்தை இல்லை

வாய் நிறையச் சிரித்த என் அப்பாவுக்கு,

அடுத்த வாரம் உங்கள் முதல் வருஷத் திதி. சுவரில் மாட்ட நல்ல படமாக ஒன்று எடுத்துக்கொடு என்று அம்மா சொன்னாள். கடைசி மூன்று வருஷப் படங்களை எல்லாம் ஃபோனில் தேடிப் பார்த்துவிட்டேன். ஒன்றில்கூட நீங்கள் வாயைத் திறக்கவில்லை.

அது என்னால்தான். அதை உங்களிடம் நேரில் சொல்ல எனக்கு மூன்று வருஷத்துக்கு மேல் இருந்தது, சொல்லவில்லை. அதனால் இப்போது நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். படிக்கட்டும்.

தி. நகர் ஜவுளிக்கடையில் முப்பது வருஷம் சேலைப் பிரிவில் நின்றீர்களே, அங்கே உங்கள் சிரிப்பு மாடிப்படி வரைக்கும் கேட்கும். சிரிக்கும்போது வலது பக்கம் மேல்பல் ஒன்று கறுப்பாகத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் பாளையங்கோட்டையில் வெள்ளி வைத்து அடைத்த பல். அதற்காக நீங்கள் ஒரு நாளும் உதட்டை மூடிக்கொண்டதில்லை.

என் பல் கிளினிக்குக்குப் பெயர்ப்பலகை மாட்டிய அன்று அதன் கீழே நின்று சிரித்தீர்கள், நான் ஒரு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் என் பெயர் கண்ணில் படவில்லை, அந்தப் பல்தான் பட்டது. பல் டாக்டரின் அப்பாவுக்கே இப்படியா என்று திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் பேசுவார்களே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. உங்களைப் பார்த்து வெட்கப்பட்டேன் அப்பா.

மறுநாள் உங்களை நாற்காலியில் உட்கார வைத்து, "வெள்ளிக்கு அடியில சொத்தைப்பா, எடுத்துட்டு பல் கலர்லயே அடைச்சிடலாம்" என்றேன்.

"நீ பாத்துச் சொல்லுதேல்லா, பொறவு என்ன பாப்பா" என்று வாயைத் திறந்தீர்கள்.

வெள்ளியை எடுத்தேன். அடியில் பல் கறுத்துத்தான் கிடந்தது. கருவியை வைத்துக் கீறிப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. சொத்தை என்றால் மெத்தென்று உள்ளே இறங்கும். இது அந்த உலோகம் வருஷக்கணக்காகக் கசிந்து பல்லில் ஊறிய கறை. வெறும் கறை. அப்போதாவது சொல்லியிருக்கலாம், இல்லையா? சொல்லவில்லை. கறுப்பு வெளியே தெரியாதபடி இன்னும் கொஞ்சம் சுரண்டி, நல்ல பல்லையும் சேர்த்து எடுத்தேன்.

உங்கள் கடையில் ஒரு சேலையில் கறை இருந்தால் நீங்களே மடிப்பைப் பிரித்துக் காட்டுவீர்கள். "கறை மட்டுந்தாம்மா, இழை நல்லா இருக்கு. மனசு இல்லன்னா விடுங்க, வேற காட்டுதேன்." முதலாளி முறைப்பார். கறையை யாரும் கிழிசல் என்று நினைத்துவிடக் கூடாது உங்களுக்கு. அப்படிப்பட்ட உங்களிடம் உங்கள் பல்லையே சொத்தை என்று சொன்னேன்.

வேலையையாவது ஒழுங்காகச் செய்தேனா? பல் நிறத்து அடைப்பு புதுப் பல்லில் பிடிக்கிற மாதிரி, உலோகம் ஊறிய பல்லில் பிடிக்காது. அதற்கு மெனக்கெட வேண்டும். அன்றைக்கு ஏசி மாட்டுகிறவர் ஒரு பக்கம், தச்சர் ஒரு பக்கம். மருந்தைத் தடவினேன், அடைத்து, இறுகுவதற்கு விளக்கைக் காட்டினேன், இருபது நிமிஷத்தில் நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டேன். உள்ளே இருந்த கறுப்பு சாம்பல் நிறமாக வெளியே தெரிந்தது.

எட்டே மாதத்தில் அந்த அடைப்பு விழுந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றீர்கள். வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றே சத்தமாகக் கேட்டேன், "காராச்சேவு கடிச்சீங்களாப்பா?"

என்னை ஒரு நிமிஷம் பார்த்தீர்கள். "ஆமா பாப்பா, எந் தப்புதான்" என்றீர்கள். மறுபடி அடைத்தேன், அதே அவசரத்தில்.

போன வாரம்தான் அம்மா வாயைத் திறந்தாள். படம் கிடைக்கவில்லை என்று நான் புலம்பியபோது சொன்னாள்: "அன்னைக்கு இட்லி தின்னுக்கிட்டு இருக்கும்போதுதான் விழுந்துச்சு. நீ ரெண்டாவது வச்சதும் நிக்கலட்டி. பிள்ள மனசு சங்கடப்படும், சொல்லாதேன்னுட்டாவ. கடைசி வரைக்கும் இடது பக்கமாவே மென்னுட்டுப் போயிட்டாவ."

இட்லி அப்பா. இட்லிக்கு நிற்காத அடைப்பு.

அந்த ஓட்டை தெரியக்கூடாது என்றுதான் உதட்டை மூடிக்கொண்டீர்களா? வயதாகிறது, பேச்சும் சிரிப்பும் குறைகிறது என்று நான் நினைத்தேன். தினமும் இருபது பேர் வாயைப் பார்க்கிறவள், எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட உங்கள் வாயைப் பார்க்கவில்லை.

நேற்று சைதாப்பேட்டையிலிருந்து ஒரு ஆட்டோக்காரர் வந்தார். உங்கள் வயதுதான். பழைய வெள்ளி உடைந்து போயிருந்தது. எடுத்துவிட்டுக் கண்ணாடியைக் காட்டினேன்.

"இன்னா டாக்டரம்மா, உள்ள ஃபுல்லா சொத்தையா கீது?"

"இல்லீங்க. கறை. பல்லு உறுதியா இருக்கு" என்றேன். அந்தச் சொல் வர எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

கறுப்பைத் தோண்டவில்லை. மேலாக மட்டும் சொரசொரப்பாக்கினேன், சுற்றியுள்ள எனாமலில் பிடிமானம் எடுத்தேன், எச்சில் படாமல் ரப்பர் திரை கட்டினேன், கறுப்பு தெரியாதபடி ஒரு பூச்சு வைத்து அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. யாரோ ஒருவருக்கு ஒன்றரை மணி நேரம். உங்களுக்கு இருபது நிமிஷம்.

"கறை மேல ஒட்டுறது, எத்தனை நாள் நிக்கும்னு அடிச்சு சொல்ல முடியாது. விழுந்தா என் வேலைல குறை, உங்க சாப்பாட்டுல இல்ல. உடனே வாங்க" என்றேன்.

"வுழுந்தா வர்றேன், அதுக்கு இன்னா இப்போ" என்று அவர் சிரித்தார். எல்லாப் பல்லும் தெரிந்தது. கையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போய் அழுதேன்.

திறப்பு விழா ஆல்பத்தில் சேர்க்காமல் ஒளித்து வைத்த அந்தப் பெயர்ப்பலகைப் படத்தைத் தேடி எடுத்துவிட்டேன். மயிலாப்பூரில் சட்டம் போடக் கொடுத்திருக்கிறேன், இரண்டு பிரதி. ஒன்று அம்மாவுக்கு. இன்னொன்றைக் கிளினிக்கில், வருகிறவர்கள் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரில் மாட்டுவேன். யார் இவர், பல் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று கேட்பார்கள். எங்கப்பா, அது கறை, சொத்தை இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சொல்வேன், அவர்கள் காதில் விழும்படி சத்தமாக.

உங்களிடம் பொய் சொன்ன,
உங்கள் பாப்பா