ஓரமா உக்காருங்க

நைனா,

போன வியாழக்கிழமை ஆபீசில் என் மேசைமேல் இருந்த கண்ணாடியை எடுத்துவிடச் சொன்னார்கள். உள்ளங்கை அளவு வட்டக் கண்ணாடி. கம்ப்யூட்டரின் வலது மூலையில் ஒட்டி வைத்திருந்தேன். பின்னால் உட்காரும் மேக்னா, நான் அவளை வேவு பார்ப்பதாக மேலாளரிடம் சொல்லியிருக்கிறாள். மேலாளர் நல்ல மாதிரி. அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவளுக்கு ஒரு மாதிரி இருக்கிறதாம் என்றார். நான் "சரி சார்" என்றேன். வெளியே வந்து நகத்தால் பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் "சரி" உன்னுடையது என்று தெரிந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் உன் மகளான என்னிடம் நீ சொன்ன அதே சொல், அதே சின்னக் குரலில்.

ஆபீசில் யாருக்கும் என் நோய் தெரியாது. பாடப்புத்தகம் போடும் கம்பெனியில் பிழை திருத்துகிறேன். ஒவ்வொரு வரியையும் சந்தேகப்படுவதுதான் என் தொழில். என்னைப் பற்றி யாரும் சந்தேகப்படக் கூடாது என்று நாற்காலியோடு சேர்ந்து திரும்புவேன், கூப்பிட்டால் எழுந்து நின்று பதில் சொல்வேன். பணிவான பெண் என்று பெயர். என் கழுத்து இடப்பக்கம் கொஞ்சம் திரும்பும். வலப்பக்கம் திரும்பாது. பின்னால் யாராவது வந்து நின்றால் தெரிய வேண்டுமே என்று வைத்த கண்ணாடி அது.

உன் வண்டியிலும் ஒரு கண்ணாடி இருந்தது. வெளியே இரண்டு பக்கமும் எல்லா ஆட்டோவிலும் இருப்பவை போக, உள்ளே, உனக்கு முன்னால் வலது பக்கம் மேலே, கம்பியில் கிளாம்பு போட்டு முறுக்கிய மூன்றாவது கண்ணாடி. பின்சீட்டைப் பார்த்தபடி இருக்கும். நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அது எனக்கு விளையாட்டு. நாக்கை நீட்டினால் நீயும் நீட்டுவாய். பத்தாவது முடித்து பி.யு.சி. சேர்ந்த பிறகு அந்தக் கண்ணாடியில் உன் கண்கள் தெரிவது எனக்குப் பிடிக்கவில்லை. அவை அடிக்கடி சிவந்திருந்தன. வாரக்கணக்கில் ஒரு கண் மட்டும் ரத்தம் கட்டியது போலிருக்கும், வெளிச்சம் பட்டால் நீர் கொட்டும். நீ கருப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வாய். ஒக்கலிபுரத்தில் நம் சந்து முழுக்க நீ குடிக்கிறாய் என்று சொன்னது. அம்மா உன் வாயருகே முகர்ந்து பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். வாசனை இல்லை என்பதே அம்மாவுக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது.

விடியற்காலையில் நீ எழுந்து வெளியே போவதும் அப்படித்தான். பால் வண்டி வருவதற்கு முன்பே கதவைத் திறந்துகொண்டு போவாய், முக்கால் மணி நேரம் கழித்து வருவாய். எங்கே போனாய் என்றால் "சும்மா, நடந்துட்டு வந்தேன்" என்பாய். நாள் முழுக்க வண்டி ஓட்டுகிற மனுஷனுக்கு விடிகாலையில் என்ன நடை என்று அம்மா உன் முகத்துக்கு நேராகக் கேட்பாள். ஒருநாள் உன் பின்னாலேயே போய்ப் பார்த்தும் வந்தாள். ரயில்வே சுவர் ஓரமாகவே அந்தக் கடைசி வரை போய்த் திரும்பினாயாம். யாரையும் பார்க்கவில்லை, எங்கும் நிற்கவில்லை. "நான் வர்றது தெரிஞ்சுபோச்சு போல" என்றாள் அம்மா.

பிறகு மல்லேஸ்வரம் விஷயம் நடந்தது. எங்கள் காலேஜுக்குப் பக்கத்துக் காலேஜ் பெண் ஒருத்தி உன் வண்டியில் ஏறியிருக்கிறாள். நீ அவளை இடது ஓரமாக உட்காரச் சொன்னாய். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சொன்னாய். கருப்புக் கண்ணாடி, உள்ளே ஒரு கண்ணாடி, தள்ளி உட்காரச் சொல்லிக்கொண்டே இருக்கும் டிரைவர். மார்க்கெட் அருகே அவள் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிக் கத்தினாள். அவள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கூட்டம் கூடியது. யாரோ உன் சட்டையைப் பிடித்தார்கள். என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். ஆட்டோவின் பின்னால் நீ எழுதி வைத்திருந்த என் பெயரையும் படித்திருக்கிறார்கள்.

சாயங்காலம் நீ கிழிந்த சட்டையோடு வந்தாய். அம்மா தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான்தான் சொன்னேன். "அந்தக் கண்ணாடியக் கழட்டு நைனா."

நீ என்னைப் பார்க்க மொத்த உடம்பையும் திருப்பினாய். நான் அதைக் கவனித்தேன், ஆனால் முறைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

"சரிம்மா" என்றாய்.

மறுநாள் காலை கண்ணாடி இல்லை. கம்பியில் கிளாம்பு இருந்த இடத்தில் பெயிண்ட் உரிந்த வளையம் மட்டும் இருந்தது. தப்பே செய்யாதவன் ஏன் ஒரு வார்த்தை பேசாமல் கழட்ட வேண்டும்? எனக்கு வேண்டிய ஒப்புதல் கிடைத்துவிட்டது. அந்த வருஷம் நோட்டுப் புத்தகங்களில் என் பெயருக்கு முன்னால் உன் எழுத்தைப் போடுவதை விட்டேன். இந்தக் கன்னட ஊரில் இனிஷியல் இல்லாவிட்டால் யாரும் கேட்பதில்லை.

மூன்று மாதத்தில், சர்வீஸ் ரோட்டிலிருந்து மெயின் ரோட்டில் ஏறும்போது பின்னால் வந்த பைக்கை நீ பார்க்கவில்லை. யாருக்கும் பெரிதாக அடி இல்லை. ஆனால் நீ ஆட்டோவை விட்டுவிட்டு, அல்சூரில் ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேனாகச் சேர்ந்தாய். இரண்டு வருஷம் கழித்து அந்த நாற்காலியிலேயே, ஒரு காலை நேரத்தில், உன் இதயம் நின்றுபோனது. எப்போதும் கட்டைபோல நிமிர்ந்தே உட்காருவாய் என்பதால் அரைமணி நேரம் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம். வண்டியை எடுத்துக்கொண்டு போனவர்கள் உனக்குக் கையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இரண்டு வருஷம் முன்பு என் வலது கண் சிவந்தது. நான்கு நாள் பார்த்துவிட்டுக் கண் டாக்டரிடம் போனேன். அவர் விளக்கை அடித்துப் பார்த்துக்கொண்டே சம்பந்தமில்லாமல் கேட்டார்: காலையில் எழுந்திருக்கும்போது முதுகு பிடித்துக்கொள்கிறதா? நடந்தால் சரியாகிவிடுகிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றேன். அதுவரை அதை நான் சோம்பல் என்றுதான் நினைத்திருந்தேன். ஊரில் எல்லோருக்கும் படுத்தால் வலி குறையும், எனக்குப் படுத்தால் வரும். காலையில் பல் துலக்கக் குனிய முடியாதவள் மதியம் படி ஏறினால் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை.

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, பெரிய ஆஸ்பத்திரி. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்றார்கள். முதுகெலும்பின் மூட்டுகளில் அழற்சி வந்து, நாளாவட்டத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டியாகிப் போகிற, கண்ணையும் சிவக்க வைக்கிற நோய். வேகத்தைக் குறைக்க மருந்து உண்டு, குணமாக்க இல்லை. இருக்கிற வரை கூடவே இருக்கும். அங்கிருந்த டாக்டரம்மா, என் குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். உன் சிவந்த கண், விடிகாலை நடை, மொத்த உடம்பையும் திருப்பிப் பார்த்த பார்வை எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. "தெரியல டாக்டர்" என்றேன்.

அதை உடனே நம்ப நான் தயாராக இல்லை, நைனா. தன் அப்பா நல்லவராக இருக்க வேண்டும் என்று எந்த மகளுக்கும் ஆசை இருக்கும். அந்த ஆசை கண்டுபிடிக்கிற சான்றுகளை நான் சந்தேகப்படத்தானே வேண்டும்? உனக்கு எக்ஸ்ரே எடுத்த காகிதம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. பெட்டியின் அடியில் மருந்துக்கடை வலிமாத்திரை அட்டைகள் கிடந்தன, அவ்வளவுதான். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். கடைசியில் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்:

"கழுத்து திரும்பலன்னா கண்ணு திரும்பாதா?"

கழுத்து திரும்பாததாலேயே நீ அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை என்று ஆகிவிடாது. இரண்டு வருஷமாக அந்தக் கேள்வியிலேயே நின்றேன். டாக்டரம்மா, தமிழ் பேசுகிற நோயாளிகளுக்கு இந்த நோயைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னபோதும் அதனால்தான் உன்னைப் பற்றி எழுதாமல், என் பெயரும் போடாமல், அறிகுறிகளை மட்டும் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதம் போல இருக்கிறது, இதைப் படித்துவிட்டு யாரும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள் என்றார். திரும்ப வாங்கிப் பையில் வைத்தேன். ஆறு மாதமாகப் பையிலேயே இருந்தது.

வியாழக்கிழமை என் கண்ணாடியை எடுத்த பிறகு உன் கண்ணாடியைத் தேடினேன். அம்மா தூக்கிப் போடவில்லை. கன்னடப் பேப்பரில் சுற்றி, கிளாம்போடு, அலமாரிக்கு மேல் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். உன் கூட்டாளி சலீம் மாமா இன்னும் அங்கேதான் வண்டி போடுகிறார். தாடி முழுக்க வெளுத்துவிட்டது, என்னை இன்னும் மகளே என்று உருதுவில்தான் கூப்பிடுகிறார். கண்ணாடியை வாங்கிக் கிளாம்பைத் தடவிப் பார்த்தார்.

"உங்க நைனாவுக்குக் கழுத்து ஜாம் ஆயிடுச்சு பேட்டா. எனக்கு மட்டும் தெரியும். யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டான். வெளிய தெரிஞ்சா ஆட்டோ ஓட்டுற பேட்ஜ் போயிடுமே."

மல்லேஸ்வரத்தில் கூட்டம் கூடியபோதாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"என்னன்னு சொல்றது? கழுத்து திரும்பாத டிரைவர் வண்டியிலதான் நீ வந்தேன்னா? அதுக்கும் அடிதான் விழும்."

ஆக, நீ தேர்ந்தெடுத்திருக்கிறாய். கெட்ட பெயரா, வண்டியா என்று. அது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பின்னால் பார்க்க முடியாதவன் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டியது தப்பு என்றும் தோன்றுகிறது. அதோடு, சலீம் மாமா உன் சிநேகிதர், உன்னை விட்டுக்கொடுக்க மாட்டார். அம்மாவின் கேள்வி அப்படியே நின்றது.

அவர் வண்டியில் உன் கண்ணாடியைப் பொருத்தித் தரச் சொன்னேன். உன் பழைய வண்டியில் எந்த இடமோ அதே இடத்தில், ஸ்பானர் வைத்து முறுக்கினார். நான் டிரைவர் சீட்டில் ஏறினேன். கழுத்தை நேராக வைத்துக்கொண்டேன், அதற்கு நான் நடிக்க வேண்டியதில்லை. சலீம் மாமாவைப் பின்னால் உட்காரச் சொன்னேன். எல்லோரையும் போல நடுவில் உட்கார்ந்தார். கண்ணாடி முழுக்க அவர் தாடி. பின்னால் இருக்கும் சின்ன ஜன்னல் தெரியவில்லை, ரோடு தெரியவில்லை.

"ஓரமா உக்காருங்க மாமா" என்றேன். "இடது பக்கம்."

சொன்ன பிறகுதான் கேட்டது. உன் வாக்கியம். தமிழில், கன்னடத்தில், உருதுவில், ஏறுகிற ஒவ்வொருவரிடமும் நீ சொன்ன ஒரே வாக்கியம். என்னிடமும் எத்தனை முறை.

சலீம் மாமா நகர்ந்தார். கண்ணாடியிலிருந்து காணாமல் போனார். ஜன்னலின் பிளாஸ்டிக்குக்கு அப்பால் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது, அதன் நம்பர் தலைகீழாக இல்லாமல், ஆனால் இடவலம் மாறித் தெரிந்தது. மறுபடி நடுவில் உட்காரச் சொன்னேன். தாடி. மறுபடி ஓரம். பஸ். மூன்று முறை செய்து பார்த்தேன். பெண்ணைப் பார்க்க நினைக்கிற ஒருவன் அவளை நடுவில்தான் உட்கார வைக்க வேண்டும், நைனா. நீ ஏறினவர்களையெல்லாம் உன் கண்ணாடியை விட்டு வெளியே போகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாய்.

"என்ன பேட்டா, பரீட்சை பாஸா?" என்று பின்சீட்டிலிருந்து கேட்டார். நான் திரும்பி அவரைப் பார்க்க விரும்பினேன். முடியவில்லை. கண்ணாடியில் அவரும் இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுதும் கேட்டுவிட்டு, அதைத் தன்னிடம் சொல்லியிருக்கலாம் என்றாள், யாரிடமோ கோபப்படுவது போல. அப்புறம் உன் பழைய சட்டை ஒன்றை, ஏற்கெனவே மடித்திருந்ததை, பிரித்து மறுபடி மடித்தாள்.

இன்று காலை என் கண்ணாடியை அதே மூலையில் ஒட்டினேன். மேக்னா வந்து பார்த்ததும் முகம் மாறியது. அவள் மேலாளர் அறைக்குப் போவதற்கு முன் கூப்பிட்டேன். என் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள் என்றேன், கன்னடத்தில். தயங்கி உட்கார்ந்தாள். கதவும் நடைபாதையும் தெரிந்தன. "என் தோளும் தெரியுதே" என்றாள். ஆமாம், தெரிகிறது, உங்கள் நாற்காலி அந்த இடத்தில் இருக்கும் வரை தெரியும் என்றேன். பிறகு, என்னால் தலையைத் திருப்ப முடியாது என்று சொன்னேன். இரண்டு வருஷத்தில் ஆபீசில் முதல் தடவை. நோயின் பெயரையும் சொன்னேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கீங்க" என்றாள். டாக்டர் சீட்டு இருக்கிறதா என்றும் கேட்டாள். இருக்கிறது, காட்டுகிறேன் என்றேன். நம்பினாளா தெரியாது. ஆனால் மதியம் சாப்பிட்டு வந்தபோது அவள் நாற்காலி ஒரு சாண் ஓரமாக நகர்ந்திருந்தது.

டாக்டரம்மாவின் காகிதத்தைப் பையிலிருந்து எடுத்து இன்று மறுபடி எழுதினேன். அறிகுறிகளைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, உன் வண்டியில் தொடங்கினேன். "ஒரு ஆட்டோக்காரர் ஏறுகிறவர்களை எல்லாம் ஓரமாக உட்காரச் சொல்வார்" என்று. டாக்டரம்மாவுக்கு ஒன்று, சலீம் மாமாவுக்கு ஒன்று. அவர் ஸ்டாண்டில் ஒட்டுகிறாராம். திரும்பாமல் பேசுகிற டிரைவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், திமிர் என்று நினைத்திருந்தேன் என்றார்.

அடியில் என் பெயரை எழுதினேன். பிழை திருத்துகிற கை, ஒரு முறை படித்துப் பார்த்தது. ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. பெயருக்கு முன்னால் உன் எழுத்தைப் போட்டு, புள்ளி வைத்தேன்.