ஏழு மார்க்குக்கு ஒரு பேரம்

அன்டிகுவா, குவாத்தமாலா

கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனவருக்கு,

நம் வீட்டில் தங்கி ஸ்பானிஷ் படிக்கிற நார்வேக்காரக் குழந்தை மாரித்தை, வேறு வீட்டுக்கு மாற்ற டீச்சர் ஒதிலியா நேற்று வந்தாள்.

இலக்கணம் படிக்க வந்தவள் என் அவகாடோ கடைப் பேச்சைப் படித்துவிட்டாளாம். பரீட்சையில் பத்துக்கு ஏழு போட்டதற்கு, "காலைப் போணி, என் ராணி, எட்டாப் போட்டுக் குடுங்க" என்றாளாம். டீச்சர் சிரித்துக்கொண்டே எட்டுப் போட்டதும், நாங்கள் முதல் காசை வாங்கிச் செய்வதுபோல அந்தத் தாளால் சிலுவை போட்டு முத்தமும் கொடுத்தாளாம்.

"இது பிள்ளையா, தரகரா?" என்று கத்தினாள் ஒதிலியா.

மாரித்தும் போய்விட்டால் சாப்பாட்டு மேசையில் நான் ஒருத்திதான். அதை ஒதிலியாவிடம் சொல்வேனா?

குழந்தைதான் பேசியது. "கோவப்படாதீங்க, என் ராணி. ரெண்டு பேருமே கொஞ்சம் இறங்கி வருவோம்."

ஒதிலியா சிரித்துவிட்டாள். அங்கேயே பேரம் படிந்தது: கடைக்குச் சனிக்கிழமை மட்டும், தினமும் ஒரு பக்கம் வினைச்சொல், டீச்சரை ராணி என்று கூப்பிடக் கூடாது. மாதக் கடைசிவரை மாரித் இங்கேயே.

பிறகு மாரித் என்னிடமும் ஒன்று பேசி வாங்கிவிட்டாள்: நீங்கள் திரும்பி வந்தாலும் உங்கள் அறை அவளுக்கு, கூடத்துக் கட்டில் உங்களுக்கு.

உங்கள் மனைவி